பத்தரை மணிப் பேருந்தில் வரும் பை

2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் இரண்டு வாரமும், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக, நாள்தோறும் காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தின் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அஞ்சலகம் என்றால் தனிக் கட்டடம் அன்று. அதைக் கவனித்துக்கொண்டவரின் வீட்டு முன்னறைதான். வெளிச்சுவரில் சிவப்புப் பெட்டி ஒன்று தொங்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு சிறு தராசு, தேதி முத்திரை, அதை ஒற்றி எடுக்கக் கறுப்பு மைத்திண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊருக்கு அப்போது ஒரு நாளைக்கு நான்கு முறைதான் பேருந்து வரும். அவற்றுள் பத்தரை மணிப் பேருந்தில்தான் தபால் பை வரும். அண்ணா பல்கலைக்கழகம் அனுப்பும் பொறியியல் கலந்தாய்வு அழைப்புக் கடிதம் அந்தப் பைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த இரண்டு வாரமும் என்னுடைய ஒரே நினைப்பு.

நடத்துநர் பையை இறக்கிக் கொடுத்ததும் ஊழியர் அதை மேசைமேல் வைத்து, வாய் கட்டியிருந்த சணல் கயிற்றின் அரக்கு முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு கயிற்றை அறுத்து, உள்ளிருப்பதைக் கொட்டி, உடன் வந்த சீட்டோடு சரிபார்ப்பார். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் கடிதங்கள், காப்பீட்டுத் தவணை அறிவிப்புகள், நகைக்கடன் ஏல நோட்டீசுகள், இரண்டொரு வார இதழ்கள் என்று மொத்தம் பதினைந்து இருபது உருப்படிகள் தேறினால் அதிகம். ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் முத்திரை குத்தும் ஓசையை எண்ணிக்கொண்டிருப்பேன். கடைசி உருப்படிக்கும் குத்திவிட்டால், "இன்னைக்கு இல்ல தாயி" என்பார். ஒருநாள்கூட எரிச்சலோடு அவர் அதைச் சொன்னதில்லை.

அந்தத் திண்ணையில் எனக்குத் துணையாக இருந்தவர்கள் எல்லாருமே கிழவிகள். முதியோர் உதவித்தொகை அப்போது மணியார்டரில்தான் வந்துகொண்டிருந்தது. மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் எந்த நாளிலும் அது வரலாம் என்பதால், என் அப்பத்தா உட்பட ஏழெட்டுப் பேர் வெற்றிலைப் பையோடு வந்து குந்திவிடுவார்கள். காத்திருப்பது எப்படி என்பதை நான் அவர்களிடம்தான் கற்றேன். எனக்கு மணிக்கொரு முறை நெஞ்சு படபடக்கும். அவர்களோ மழையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசிக்கொண்டே வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். பை காலியானதும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள். ஒரு பாட்டி மட்டும் என்னிடம் தினமும் கேட்பார்: "ஒனக்கும் பணம் வரணுமாத்தா?" காலேஜ் கடிதம் என்று நான் தினமும் சொல்வேன். "காயிதத்துக்கா இம்புட்டு நாளு?" என்று அவர் வியந்துபோவார்.

நான் கணிதத்தில் 184, இயற்பியலில் 168, வேதியியலில் 172 எடுத்திருந்தேன். கணிதத்தைப் பாதியாக்கி, மற்ற இரண்டையும் நான்கில் ஒரு பங்காக்கிக் கூட்டினால் இருநூற்றுக்கு 177 வரும். அந்தக் 'கட்-ஆஃப்' கணக்கை எங்கள் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும்படி செய்துவிட்டேன். 1984இல் தொடங்கிய நுழைவுத் தேர்வு, 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பயிற்சி வகுப்பு என்ற ஒன்றைக் கண்ணாலும் பார்த்திராத அரசுப் பள்ளி மாணவியான எனக்கு அது எவ்வளவு பெரிய வாசலைத் திறந்துவிட்டது என்பதை இன்று நினைத்தாலும் உள்ளம் நெகிழ்கிறது. ஜூனில் 'ரேண்டம் எண்' என்று பத்து இலக்கத்தில் ஒரு எண் கொடுத்தார்கள். ஒரே கட்-ஆஃப் வாங்கியவர்களில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம், பிறகு பிறந்த தேதி, அத்தனையும் ஒத்துப்போனால்தான் அந்த எண் என்று நான் விளக்கியபோது, அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப இது லாட்டரி மாதிரியா ஆத்தா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

காத்திருப்பு என்று இதைச் சொல்வதைவிட, காகிதத்துக்கு ஏங்கியது என்று சொல்வதே பொருந்தும். இதை வெளியிலிருந்து பார்ப்பவர்களால் எளிதில் புரிந்துகொள்ள முடியாது. கலந்தாய்வு நாள் எதுவென்று எனக்கு முன்பே தெரியும். கட்-ஆஃப் வாரியான அட்டவணை நாளிதழில் வந்திருந்தது. தேநீர்க் கடையில் அதைப் படித்து, என் மதிப்பெண்ணுக்கு ஜூலை 19, திங்கட்கிழமை என்று குறித்துக்கொண்டு வந்திருந்தேன். அழைப்புக் கடிதம் கிடைக்காதவர்கள் உரிய நாளில் நேரில் வரலாம் என்றும் அதே செய்தியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூன்று முறை உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "காயிதம் வரட்டும்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த அலுவலகத்தின் படியேறினாலும் எங்களிடம் முதலில் கேட்கப்பட்டது காகிதம்தான். வறட்சி நிவாரணத்துக்குப் போனால் அடங்கல் எங்கே என்பார்கள், அடங்கலுக்குப் போனால் பட்டா எங்கே என்பார்கள், பட்டாவுக்குப் போனால் தாத்தாவின் இறப்புச் சான்று எங்கே என்பார்கள். அந்தக் கோடையில் எனக்கே இது நேர்ந்தது. குடும்பத்தில் பட்டதாரியே இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி என்ற முதல் பட்டதாரிச் சலுகை 2010-11 கல்வியாண்டில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கான சான்றிதழுக்காக நானும் அப்பாவும் ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை அலைந்தோம். புதிய திட்டம் என்பதால் படிவம் எது, யார் கையொப்பம் இட வேண்டும் என்பது அங்கிருந்தவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. நான்காம் முறை போனபோது, எங்கள் வீட்டில் யாரும் பட்டம் படிக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று அப்பாவிடம் கேட்டார்கள். படித்ததற்கு ஆதாரம் இருக்கும். படிக்காததற்கு எந்தக் காகிதத்தைக் கொண்டுவருவது? அப்பா தம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் மண்வெட்டிப் பிடி காய்த்த தழும்பு இருந்தது. கேட்டவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்; ஐந்தாம் முறை சான்றிதழ் கிடைத்தது.

அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், நாளிதழின் ஒற்றை வரியை நம்பி மகளை அழைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்புங்கள் என்று சொன்னால் எப்படிக் கிளம்புவார்? வாசலில் நிறுத்தி, காகிதம் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சத்துக்குப் பின்னால் அவருடைய ஐம்பது வருட அனுபவம் இருந்தது. பிள்ளைகளைப் படிக்கவைப்பதில் கிராமத்து ஏழைகள் தயங்குகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது தயக்கமே இல்லை. காகிதமில்லாமல் போய்த் திரும்ப வந்தவர்களின் எச்சரிக்கை அது.

பணமும் அந்தக் கடிதத்தோடுதான் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. இடம் ஒதுக்கும் அன்றே முன்பணமாக ஐயாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது விற்கத் தக்கதாக இருந்தவை ஆடுகள் மட்டுமே. மூன்று கிடாய்கள் நின்றன. அவற்றில் கருப்புக் கிடாய் குலசாமிக்கு நேர்ந்துவிட்டது. அதைத் தொட முடியாது. மற்ற இரண்டையும் விற்கலாம். ஆனால் ஆட்டுக்கு விலை ஏறுவது ஆடி மாதத்தில்தான். கோயிலுக்குக் கோயில் கிடாவெட்டு நடக்கும் மாதம் அது. ஒரு கிடாய்க்கு ஐந்நூறு ரூபாயாவது கூடும். அந்த ஆண்டு ஆடி பிறந்தது ஜூலை 17, சனிக்கிழமை. அதற்கு முந்தைய கடைசிச் சந்தை வியாழக்கிழமை, 15ஆம் தேதி. பேருந்தில் ரொக்கமாகக் கொண்டுபோகப் பயந்து, வங்கி வரைவோலையாகவே எடுத்துக்கொள்வதென்று பேசி வைத்திருந்தோம். அப்படியென்றால் பணம் வெள்ளிக்கிழமைக்குள் கையில் இருக்க வேண்டும். வியாழக்கிழமைச் சந்தையை விட்டால் வேறு வழியில்லை. வியாழக்கிழமை விற்றால் விலை குறையும். விற்றுவிட்டு, கடிதம் வராமலே போனால் ஆடும் போய்விடும், கல்லூரியும் போய்விடும். இந்தக் கணக்கை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் எல்லாருடைய மனத்திலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அவரவர் சாப்பிட்ட விதத்திலிருந்தே தெரிந்தது.

பக்கத்து ஊரில் என்னோடு படித்த தோழிக்கு 9ஆம் தேதியே கடிதம் வந்துவிட்டது. அவளுக்கும் எனக்கும் கட்-ஆஃபில் அரை மதிப்பெண்தான் வேறுபாடு. அவள் வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்ததை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பி வரும்போது, விண்ணப்பத்தில் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், அதனால் என்னைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்பத் தொடங்கினேன். தொலைபேசியில் கேட்கலாம் என்ற எண்ணம்கூட வரவில்லை. கலந்தாய்வுக் கையேட்டில் எண்கள் இருந்தன. ஆனால் அங்கே கூப்பிட்டுப் பேசும் தகுதி நமக்கு இருக்கிறது என்று பதினேழு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை விடியலில் கண் விழித்தபோது கொட்டகையில் கருப்புக் கிடாய் மட்டும் தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தது. மற்ற இரண்டையும் அப்பா மேய்ச்சலுக்கு ஓட்டிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல அஞ்சலகத்துக்குப் போனேன். வழக்கம்போலக் கடிதம் வரவில்லை. பகல் இரண்டு மணிக்கு அப்பா தோளில் வெறும் கயிறுகளோடு திரும்பி வந்தார். மடியிலிருந்து பணத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய். அம்மா எதுவும் கேட்கவில்லை. "ஆடி பொறந்தா ஆயிரம் கூடக் கெடச்சிருக்கும். அதுக்குள்ள புள்ளயோட தேதி போயிரும்ல" என்று அவரே சொல்லிவிட்டு, தொட்டித் தண்ணீரில் முகம் கழுவப் போனார்.

காகிதம் வரட்டும் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் காகிதம் வராமலே ஆட்டை விற்றுவிட்டு வந்தார். எனக்குத் தெரிந்து தம் வாழ்நாளில் அவர் அப்படிச் செய்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அஞ்சலகத்துக்குப் போகாமல் அப்பாவோடு நகரத்து வங்கிக்குப் போனேன். வரைவோலைப் படிவத்தில் யார் பெயருக்கு என்ற இடத்தில் கையேட்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். எழுத்து பிசகினால் பணம் போய்விடும் என்று அப்பா பின்னாலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வீடு திரும்ப மணி இரண்டரை ஆகிவிட்டது. தலைவாசல் படியில் அப்பத்தா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழுப்பு உறை. அதன்மேல் இரண்டு கைகளையும் பொத்தி வைத்திருந்தார்.

இரண்டு வாரம் திண்ணையில் தவமிருந்த நான் இல்லாத ஒரு நாளில் அது வந்திருந்தது. தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தபோது அப்பத்தா, "கைநாட்டு எங்கய்யா வைக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு அரசாங்கத்திடமிருந்து வந்த எதுவும் பெருவிரல் மையில்லாமல் வந்ததில்லை. இதற்கு வேண்டாம் என்று சொன்னதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். பதினோரு மணியிலிருந்து, உடைக்காமல், அம்மாவைக்கூடத் தொடவிடாமல் காவல் காத்திருக்கிறார். உறையை என்னிடம் நீட்டி, "ஒம்பேரு இருக்கா பாரு" என்றார். இருந்தது. முதலெழுத்தோடு, பெரிய எழுத்துகளில் அச்சாகி இருந்தது. அதற்கு முன்பு என் பெயருக்குத் தபாலில் எதுவுமே வந்ததில்லை.

அந்த உறையை இன்றும் வைத்திருக்கிறேன். அது ஏன் தாமதமானது என்பதை அதன் முதுகே சொல்லும். ஜூலை 5 சென்னை முத்திரை. 8ஆம் தேதி வேறொரு வட்டாரத்து அஞ்சலகத்தின் முத்திரை. 10ஆம் தேதி எங்கள் ஊரின் பெயரையே கொண்ட இன்னோர் ஊரின் முத்திரை. அதன் அருகில் நீல மையில், "இப்பெயரில் இவ்வூரில் எவரும் இல்லை" என்று யாரோ பொறுமையாக எழுதியிருக்கிறார். 15ஆம் தேதி எங்கள் துணை அஞ்சலகம். 16ஆம் தேதி எங்கள் ஊர். முன்பக்கத்தில் அஞ்சல் குறியீட்டு எண்ணின் கடைசி இலக்கம் தவறாக அச்சாகியிருந்தது. விண்ணப்பத்தில் நான் எழுதிய 1 ஏழு போல இருந்திருக்க வேண்டும். இந்தத் தாமதத்துக்கு நான் யாரையும் நோகவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஊரில் ஒருவர் அதை மூலையில் போட்டுவிடாமல், இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் கையெழுத்தை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன்.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தன. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். ஞாயிறு இரவு சென்னைப் பேருந்தில் நடத்துநர் கடிதத்தை வாங்கி, விளக்கடியில் பிடித்து முழுவதும் படித்துவிட்டு இரண்டு அரைச் சீட்டுகளைக் கிழித்தார். அந்தக் காகிதத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதை அப்பா அப்போதுதான் முழுமையாக நம்பினார் என்று நினைக்கிறேன். கிண்டி வளாகத்தில் பெரிய திரைகளில் கல்லூரிகளின் பெயர்களும் மீதமிருந்த இடங்களும் ஓடிக்கொண்டிருந்தன. எண்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை அப்பா மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சிக்கு அருகில் ஒரு கல்லூரியில் மின்னணுவியல் கிடைத்தது. ஒதுக்கீட்டு ஆணையைக் கையிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. ஊரிலிருந்து பிள்ளைகள் ஆண்டுதோறும் என்னை அழைக்கிறார்கள். சாய்ஸை எந்த வரிசையில் போடுவது, எந்த ரவுண்டில் வருவோம், தற்காலிக ஒதுக்கீடு எத்தனை மணிக்கு வெளியாகும் என்று இரவு பதினொரு மணிக்குக் கேட்பார்கள். நானும் கோவையிலிருந்து தூங்காமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் வந்தபிறகு, எங்கள் தெருவிலிருந்து இந்த வரிசையில் நிற்பவர்கள் கூடியிருக்கிறார்கள். கேட்கும்போதே மகிழ்ச்சியாக இருக்கிறது. தபால் பைக்காக யாரும் திண்ணையில் உட்காருவதில்லை. குறுஞ்செய்தி வரும், கைப்பேசியில் ஆணை இறங்கும். ஒரு நாளும் தாமதமில்லை. இது நல்ல மாற்றம் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. எங்களைப் போல் ஆட்டு விலைக்கும் அஞ்சல் முத்திரைக்கும் நடுவே இனி எந்த வீடும் தவிக்க வேண்டாம்.

சென்ற ஆண்டு நான் விடுமுறையில் ஊரில் இருந்தபோது எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஒதுக்கீடு வந்தது. கைப்பேசித் திரையில் ஆணையைப் பெரிதாக்கி அவள் அம்மாவிடம் காட்டினோம். அவர் பார்த்தார்; சிரித்தார்; ஆனாலும் ஏதோ குறையோடு நின்றார். திண்ணையிலிருந்த அப்பா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, "அதை எம் போனுக்கு அனுப்பு ஆத்தா" என்றார். பேருந்தேறி நகரத்துக்குப் போய், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்பு விழாமல், இரண்டு அச்சுப் பிரதிகள். ஒன்றை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றை அவள் அம்மாவின் கையில் வைத்தார். அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மகளின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.